இடது கால் வீக்கம்: தொடையோடு நின்றுவிடும் பரிசோதனை

புது தில்லி: பிரசவமாகிச் சில நாள்களே ஆன பெண்ணுக்கு இடது கால் மட்டும் தொடைவரை வீங்கி, கனத்து, நிறம் மாறுகிறது. டாப்ளர் பரிசோதனையில் ரத்தக் கட்டி தெரிகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துடன் அவர் வீடு திரும்புகிறார். கட்டி ஏன் இடது காலில் வந்தது என்ற கேள்வி எழுப்பப்படாமலேயே போய்விடுவதுண்டு. அதற்கான விடை சில நேரங்களில் காலில் அல்ல, அடிவயிற்றில் இருக்கிறது.

இடது காலிலிருந்து இதயத்தை நோக்கி ரத்தத்தைக் கொண்டு செல்லும் சிரை, அடிவயிற்றில் வலது காலுக்குச் செல்லும் தமனிக்கும் முதுகெலும்புக்கும் இடையே புகுந்து செல்கிறது. ஓயாது துடிக்கும் தமனி, மெல்லிய சுவர் கொண்ட சிரையை எலும்போடு சேர்த்து அழுத்துவதால், நாளடைவில் சிரையின் உள்ளே தழும்பு போன்ற தடிப்பு உண்டாகிறது. 1957-ல் மே, தர்னர் என்ற இரு மருத்துவர்கள் 430 சடலங்களை ஆராய்ந்து, 22 சதவீதத்தில் இத்தடிப்பைக் கண்டனர். அவர்களது பெயராலேயே இக்கோளாறு அழைக்கப்படுகிறது. கால் வீக்கம், ஆறாத புண், பெண்களுக்கு நீடிக்கும் அடிவயிற்று வலி ஆகியவற்றுக்கு இது காரணமாகலாம். கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

எட்டாத படம்

காலுக்கான வழக்கமான டாப்ளர் பரிசோதனை பெரும்பாலும் தொடையோடு முடிந்துவிடுகிறது. அடிவயிற்றுச் சிரைகளைக் குடலில் உள்ள வாயு மறைத்துவிடுவதும் உண்டு. சிரைகளுக்கென்றே எடுக்கப்படும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் அழுத்தம் உள்ள இடத்தைக் காட்டும். மெல்லிய குழாயின் முனையில் பொருத்திய அல்ட்ராசவுண்ட் கருவியைச் சிரைக்குள்ளேயே செலுத்திப் பார்ப்பது இன்னும் துல்லியமானது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், 100 நோயாளிகளில் 57 பேருக்கு, எக்ஸ்ரே படத்தை வைத்து வகுத்த சிகிச்சைத் திட்டத்தை இந்தக் கருவி மாற்றியமைத்தது.

இந்தப் படம் யாருக்குக் கிடைக்கும் என்பதே கேள்வி. மாவட்ட மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் வசதி அளிக்க, தேசிய சுகாதார இயக்கத்தின்கீழ் 2015-ல் இலவசப் பரிசோதனைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால், இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது. செலுத்திய மருந்து சிரைகளை நிறைக்கும் தருணத்தைக் கணித்துப் படம் எடுக்க வேண்டும். அதைப் படித்தறியும் நிபுணரும் வேண்டும்.

2018-ல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை காப்பீடு அளிக்கிறது. எனினும் அது மருத்துவமனையில் சேர்வோருக்கானது; சேர்வதற்கு முந்தைய 3 நாள்களின் செலவையே ஏற்கும். நோய் என்னவென்று அறியவே புறநோயாளியாக அலையும் காலத்துக்கு அதில் இடமில்லை.

மறுபக்க ஆபத்து

பணம் செலுத்த இயன்றவருக்கு வேறு ஆபத்து காத்திருக்கிறது. வயிற்று வலிக்காக சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்ட, கால் தொந்தரவு ஏதுமில்லாத 50 பேரின் படங்களை ஆராய்ந்து அமெரிக்க மருத்துவர்கள் 2004-ல் வெளியிட்ட முடிவில், 24 சதவீதத்தினருக்குச் சிரை பாதிக்கு மேல் நசுங்கியிருந்தது. உடலில் நீர்ச்சத்து குறைந்தால்கூட படத்தில் சிரை சுருங்கித் தெரியும். எனவே, படத்தில் தெரியும் அழுத்தமெல்லாம் நோயல்ல. அறிகுறிகளோடு பொருந்தாத படத்தை மட்டும் நம்பிப் பொருத்தப்படும் ஸ்டென்ட், நோயாளிக்கு வீண் சுமை.

அந்த ஸ்டென்ட்டின் விலையும் கவனத்துக்குரியது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தது இதய ரத்தக் குழாய் ஸ்டென்ட்களுக்குத்தான். சிரைக்கான ஸ்டென்ட் அந்த உத்தரவில் இடம்பெறவில்லை.

ஏழைக்குப் படமே எட்டுவதில்லை. வசதியுள்ளவருக்கோ படம் ஒன்றே சிகிச்சைக்குப் போதுமானதாகிவிடும் அபாயம். புறநோயாளிகளின் பரிசோதனைச் செலவைக் காப்பீடு ஏற்பதும், யாருக்கு ஸ்டென்ட் தேவை என்பதை வரையறுத்து அதன் விலைக்கு வரம்பிடுவதும் ஒருசேர நடந்தால்தான் இவ்விரு தவறுகளும் குறையும். அதுவரை, வீங்கிய இடது காலோடு வருபவரின் அடிவயிற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்வது, மாவட்ட மருத்துவரின் விழிப்பை மட்டுமே நம்பியிருக்கும்.