தொலைதூரத் தரவுத்தளத்திடம் விலை கேட்கும் சிறு நிரல்: செயல்படுவது எப்படி, பிழைப்பது எங்கே?

புதுதில்லி: நாட்டின் மொத்த விற்பனைச் சந்தைகளில் வெங்காயம் இன்று என்ன விலைக்கு விற்றது என்பதை அறிய, இணையப் பக்கங்களில் அட்டவணை அட்டவணையாகத் தேட வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து வரிகளில் எழுதப்பட்ட ஒரு சிறு நிரல், தொலைவிலுள்ள தரவுத்தளத்திடம் இணையம் வழியாகக் கேட்டுச் சில நொடிகளில் விடையைப் பெற்றுவிடும். அந்த விடையை நம்பி விளைபொருளை விற்பதா, இருப்பு வைப்பதா என்று ஒருவர் முடிவெடுக்கக்கூடும் என்பதால், இம்முறை செயல்படும் விதத்தை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

தரவு எங்கிருந்து வருகிறது?

மத்திய வேளாண் அமைச்சகத்தின்கீழ் உள்ள சந்தைப்படுத்தல் மற்றும் ஆய்வு இயக்ககம், 2000-ஆம் ஆண்டில் 'அக்மார்க்நெட்' வலையமைப்பைத் தொடங்கியது. நாடெங்கிலும் உள்ள மண்டிகளின் வரத்து மற்றும் விலை விவரங்கள் இதில் பதிவு செய்யப்படுகின்றன. தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை 2012-இல் அறிவிக்கப்பட்டதையடுத்து, தேசிய தகவலியல் மையம் 'டேட்டா.கவ்.இன்' என்ற திறந்த தரவுத் தளத்தை உருவாக்கியது. மண்டிகளின் அன்றாட விலைப் பட்டியலும் அத்தளத்தில் வெளியிடப்படுகிறது.

எச்டிடிபி வழி ஏன்?

தரவுத்தள மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் தனி நுழைவாயில் உண்டு. மைஎஸ்க்யூஎல் 3306 என்ற எண்ணுள்ள போர்ட்டையும், போஸ்ட்கிரெஸ் 5432 என்ற எண்ணையும் வழக்கமாகப் பயன்படுத்துகின்றன. இந்த வாயில்களை இணையத்திற்கு நேரடியாகத் திறந்துவைப்பது ஆபத்தானது. 2017 ஜனவரியில், கடவுச்சொல் பாதுகாப்பின்றித் திறந்துகிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி தரவுத்தளங்களை அழித்த இணையக் குற்றவாளிகள், அவற்றைத் திருப்பித்தரப் பணம் கேட்டனர்.

எனவே, தரவுத்தளத்திற்கு முன்பாக ஏபிஐ எனப்படும் இடைமுகம் நிறுத்தப்படுகிறது. இணைய உலாவி பயன்படுத்தும் அதே எச்டிடிபி நெறிமுறையில், மறையாக்கம் செய்யப்பட்ட வழியாக நிரல் தன் கோரிக்கையை அனுப்புகிறது. இடைமுகம் அதைச் சரிபார்த்து, தரவுத்தளத்திற்குப் புரியும் வினவலாக மாற்றி, கிடைத்த விடையைப் பெரும்பாலும் ஜேசன் என்ற எளிய உரை வடிவில் திருப்பி அனுப்புகிறது. தரவுத்தளத்தை நேரடியாகத் தொடும் உரிமை நிரலுக்குக் கிடைப்பதில்லை.

கோரிக்கையில் என்ன இருக்கும்?

கோரிக்கை என்பது நீண்ட இணைய முகவரிதான். குறிப்பிட்ட பட்டியலின் அடையாள எண், பதிவு செய்த பயனாளருக்கு வழங்கப்படும் ஏபிஐ சாவி, விடை வேண்டிய வடிவம் ஆகியவை அதில் இடம்பெறும். எத்தனை பதிவுகள் வேண்டும் என்பதை 'லிமிட்', எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை 'ஆஃப்செட்' குறிக்கும். மாநிலம், மாவட்டம், சந்தை, விளைபொருள் ஆகியவற்றைக் கொண்டு பதிவுகளை வடிகட்டவும் முடியும்.

'200' வந்தால் போதுமா?

கோரிக்கை வெற்றி பெற்றால் சர்வர் 200 என்ற குறியீட்டை அனுப்பும். சாவி ஏற்கப்படாவிட்டால் 401 அல்லது 403, அளவுக்கு மிஞ்சிக் கேட்டால் 429 ஆகியவை எச்டிடிபி வகுத்துள்ள குறியீடுகளாகும். ஆனால் 200 என்பது கோரிக்கை நிறைவேறியது என்பதற்கான சான்று மட்டுமே. விடை முழுமையானது என்றோ, அதிலிருந்து எடுக்கப்படும் முடிவு சரியானது என்றோ அது உறுதியளிப்பதில்லை.

தளம் முன்னோட்டத்திற்காக அளிக்கும் மாதிரிச் சாவி, ஒரு முறைக்கு 10 பதிவுகளையே தரும். அந்தப் பத்தை மட்டும் கொண்டு ஒரு மாநிலத்தின் சராசரி விலையைக் கணக்கிடும் நிரல், எவ்விதப் பிழைச்செய்தியும் இன்றித் தவறான எண்ணைக் காட்டும். விடையுடன் வரும் 'டோட்டல்' என்ற மொத்த எண்ணிக்கையை, கைக்கு வந்த பதிவுகளுடன் ஒப்பிட்டு, மீதியை ஆஃப்செட் மூலம் அடுத்தடுத்துக் கேட்டுப் பெறுவதே இதற்குத் தீர்வு.

பெயர்களிலும் கவனம் தேவை. மகாராஷ்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்தின் புகழ்பெற்ற வெங்காயச் சந்தையான லாசல்காவ், அதன் துணைச் சந்தைகளான நிபாட், விஞ்சூர் ஆகியவற்றுடன் தனித்தனிப் பெயர்களில் பதிவாகிறது. ஒரு பெயரை மட்டும் வைத்து வடிகட்டினால் மற்ற இரண்டின் விவரமும் விடுபட்டுப்போகும்.

தேதி, நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையில் அமைந்துள்ளது. மாதத்தை முதலில் படிக்கும் அமெரிக்க முறையில் எழுதப்பட்ட நிரல், ஏப்ரல் 5-ஆம் தேதியை மே 4 என்று கொள்ளும். குறைந்தபட்ச விலை, அதிகபட்ச விலை, பெரும்பாலான விற்பனை நடந்த விலை என மூன்றும் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, தரப்படுகின்றன. கிலோ விலைக்கு அதனை 100-ஆல் வகுக்க வேண்டும். இது மொத்த விலை என்பதால் கடைவீதி விலையுடன் நேராக ஒப்பிட இயலாது.

சாவியைக் காப்பது எப்படி?

ஏபிஐ சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி, அந்நிரலைப் பொதுவெளியில் பகிர்ந்தால் எவரும் அதனைப் பயன்படுத்த முடியும். கைபேசிச் செயலிக்குள் வைக்கப்படும் சாவியையும் பிரித்தெடுக்க இயலும். ஆகவே சாவியைத் தனிக் கோப்பிலோ சொந்த சர்வரிலோ வைப்பதே பாதுகாப்பானது. மண்டி விலை பொதுத் தகவல் என்பதால் இதில் இழப்பு குறைவு. அதே கவனக்குறைவு நோயாளிகள் அல்லது வாடிக்கையாளர்களின் விவரம் அடங்கிய தரவுத்தளத்தில் நேர்ந்தால் பாதிப்பு பெரிதாகும்.

பயன்படுத்த உரிமை உண்டா?

2017-இல் அறிவிக்கப்பட்ட இந்திய அரசின் திறந்த தரவு உரிமத்தின்படி, இவ்வாறு வெளியிடப்படும் தரவுகளை வணிக நோக்கங்களுக்கும் பயன்படுத்தலாம். தரவு பெறப்பட்ட இடத்தைக் குறிப்பிடுவது கட்டாயம். அத்துடன் தரவின் தேதி, சந்தையின் பெயர், விலையின் அலகு ஆகிய மூன்றையும் நிரல் தன் திரையில் காட்டுமானால், அதைப் படிப்பவர் விலையை நம்புவதா, மண்டியில் ஒருமுறை விசாரிப்பதா என்று தாமே முடிவு செய்துகொள்ள இயலும்.