படகோட்டியோடு போகலாமா, நாமே மிதிக்கலாமா? முட்டுக்காடு போகும் முன் ஒரு யோசனை

மாங்காடு, குன்றத்தூர் பக்கத்துக் குடும்பங்களுக்குப் படகுச் சவாரின்னா சட்டுனு நினைவுக்கு வரும் இடங்களில் ஒன்று முட்டுக்காடு. செம்பரம்பாக்கம் ஏரி கிட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அது சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி, உல்லாசச் சவாரிக்கான இடம் அல்ல. தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வந்துவிடும். அங்குள்ள உப்பங்கழியில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984 முதல் படகு குழாம் நடத்திவருகிறது.

டிக்கெட் வாங்கும் இடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் வரும்: "டிரைவர் ஓட்டுற மோட்டார் படகுல போகலாமா, நாமளே மிதிச்சுட்டுப் போகலாமா?" கட்டணத்தை மட்டும் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது.

யாருக்கு எது?

வயதானவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட வந்தால் ஓட்டுநர் உள்ள படகே நல்லது. குழந்தையைப் பிடித்துக்கொள்ள உங்கள் கை ஓய்வாக இருக்கும். எங்கே ஆழம், எங்கே மணல்திட்டு என்பது ஓட்டுநருக்குத் தெரியும்.

மிதிபடகு, துடுப்புப் படகு ஆகியவற்றில் அவசரம் இல்லை, இரைச்சலும் இல்லை. ஆனால் மிதிக்கத் தெம்புள்ள பெரியவர்கள் இருவராவது வேண்டும். குழந்தைகளை மட்டும் தனியாக அனுப்பாதீங்க.

எல்லா இடத்திலும் இந்த இரண்டு வாய்ப்பும் கிடைக்காது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் துடுப்புப் படகையும் படகோட்டிதான் செலுத்துவார். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கும் அந்தக் குறுகிய கால்வாய்களில் புதியவருக்கு வழி தப்பிவிடும்.

காற்றைக் கவனியுங்க

கோடையில் சென்னைக் கரையோரம் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசத் தொடங்கும். காற்றோடு போகும்போது மிதிபடகு லேசாக ஓடும். திரும்பும்போதுதான் கால் கடுக்கும். அதனால் முதலில் எதிர்காற்றில் போங்க, வரும்போது காற்றே தள்ளிவிடும். தெம்பில் பாதி தீரும் முன்பே திரும்பிவிடுவது நல்லது. காலை நேரம் மிதிபடகுக்கு வசதி.

இரண்டு விபத்துகள் சொல்வது

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் சுற்றிப்பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அது முறையான படகு குழாமின் படகு அல்ல. அப்படியானால் அரசுப் படகு என்றால் கவலையே வேண்டாமா? 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்தது கேரள அரசுச் சுற்றுலாக் கழகத்தின் படகு. விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் கூடியபோது அது சாய்ந்தது. 45 பேர் உயிரிழந்தார்கள்.

ஆக, ஓட்டுநர் இருந்தாலும் பாதுகாப்பில் பாதி நம் கையில்தான். கரையில் யாராவது "வாங்க சார், கம்மி ரேட்டு" என்று கூப்பிட்டால் போகாதீங்க. அந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம், உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று சோதிப்பதற்கு அங்கே ஆள் இருக்காது.

ஏறும் முன் பார்க்க வேண்டியவை

- உயிர்காப்பு உடையைக் கையில் வைத்திருந்தால் போதாது. எல்லாக் கொக்கிகளையும் மாட்டுங்க. குழந்தை போட்டிருக்கும் உடையைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்க. காதுவரை ஏறி வந்தால் அளவு பெரிது, மாற்றிக் கேளுங்க.
- எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்க. மடியில் இருக்கும் குழந்தையும் ஓர் ஆள்தான்.
- செல்ஃபிக்காக எழுந்து நிற்பதும் நடுத்தண்ணீரில் இடம் மாறுவதும் வேண்டாம்.
- எவ்வளவு நேரம், தாமதமானால் கூடுதல் கட்டணம் உண்டா, முன்பணம் திரும்ப வருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்க. டிக்கெட்டைத் திரும்பும்வரை பத்திரமாக வையுங்க.

உயிர்காப்பு உடை தராவிட்டாலோ அளவுக்கு மீறி ஆள் ஏற்றினாலோ ஏற மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. முதலில் படகு குழாம் மேலாளரிடம் சொல்லுங்க. தீர்வு கிடைக்காவிட்டால், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல்வரின் உதவி மைய எண் 1100-ல் புகார் பதியலாம். ஆபத்து என்றால் 112, ஆம்புலன்ஸுக்கு 108. கிளம்பும் முன் இந்த மூன்று எண்களையும் செல்போனில் பதிந்துகொள்ளுங்க.