இரும்புக் கொடுக்கு

வயல் நண்டின் கொடுக்கைக் கண்டிருப்பீர்கள். அதன் ஒரு விரல் அசையாது. மற்றொன்றே மூட்டில் திரும்பிப் பற்றும். கழிவைப் பற்றி அள்ளும் இரும்புக் கைக்கும் மூட்டே உயிர்.

2015இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளர் இருவரும், அவர்களைக் காக்க இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் மாண்டனர். பாரதப்புழைக் கரையிலுள்ள குற்றிப்புரத்தில் பொறியியல் பயின்ற இளைஞர்கள், மனிதருக்கு மாற்றாகக் குழிக்குள் இறங்கும் 'பேண்டிகூட்' எந்திரத்தை உருவாக்கினர். பெருச்சாளி என்பது அதன் பொருள், பொருத்தமான பெயர்தான்! 2018இல் திருவனந்தபுரத்தில் அது பணிக்கு வந்தது.

இத்தகைய கையை முதலில் கணினியில் வரைவர். உறுப்புகளைத் தனித்தனியே வரைந்து, ஆணி செருகும் துளைகளை ஒரே அச்சில் பொருத்த வேண்டும். ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை திரும்பலாம் என எல்லையும் குறிக்க வேண்டும். குறிக்காவிடில் திரையில் ஒரு விரல் மற்றொன்றை ஊடுருவிச் செல்லும், இரும்பிலோ முறிந்துவிடும். மடக்கிய கை குழியின் வாய்க்குள் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். நுழையாவிடில் மனிதரே மீண்டும் இறங்க நேரிடும்.