வரிசையில் நிற்பவரே வழங்குபவரானால்

கரும்பு அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குச் செல்லும் வண்டிகளைக் கண்டவர்களுக்கு வரிசைக் கோட்பாடு புதிதன்று. டென்மார்க்கின் எர்லாங் 1909-இல் தொலைபேசி இணைப்பகத்துக்காக அதற்கு வித்திட்டார். நிமிடத்துக்குச் சராசரியாக 10 பேருக்குக் கோப்பு வழங்கவல்ல ஒரு கணினியை 8 பேர் நாடினால், ஒருவருக்கு அரை நிமிடம் ஆகும். 9 பேர் என்றால் ஒரு நிமிடம், 9.5 என்றால் இரண்டு நிமிடம். 10-ஐத் தொட்டால் வரிசை முடிவின்றி நீளும். வருகை சீராக இராமல் திடீர் திடீரென அமைவதே காரணம்.

பிராம் கோஹன் 2001-இல் உருவாக்கிய பிட்டோரண்ட் போன்ற சகக்கணினி வலையமைப்புகளில் இக்கணக்கு மாறுகிறது. கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு துண்டைப் பெற்றவர் உடனே அதைப் பிறருக்கு வழங்கத் தொடங்குகிறார். நியாயவிலைக் கடை வரிசையில் நிற்பவரெல்லாம் தாமும் ஒரு கடை திறப்பதைப் போன்றது இது. கூட்டம் பெருகினாலும் சராசரிக் காத்திருப்பு பெருகத் தேவையில்லை என்பதை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சியூ, ஸ்ரீகாந்த் இருவரும் 2004-இல் தம் கணித மாதிரியில் காட்டினர்.

ஆனால், கோப்பு முழுமையானதும் எல்லோரும் வெளியேறிவிட்டால்? ஏதோ ஒரு துண்டு அரிதாகிவிடும். அது ஒன்று மட்டும் கிட்டாத பெருங்கூட்டம் மூலக் கணினியின் வாசலில் தேங்கும். அத்துண்டைப் பெற்றவரோ அக்கணமே போய்விடுவார். அதே பல்கலைக்கழகத்தின் ஹாஜெக், ஸூ ஆகியோர் இதை ஆராய்ந்தனர். ஒவ்வொருவரும் சராசரியாக இன்னும் ஒரே ஒரு துண்டை வழங்கும்வரை தங்கினால் போதும், வரிசை கட்டுக்குள் நிற்கும் என்பது அவர்களின் முடிவு. ஓசிப் பயணிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் என் போன்ற பொருளியலாளர்களுக்கு, தேவையான ஈகை இவ்வளவு சிறியது என்பது வியப்புதான்.

கல்வராயன் மலையின் பல சிற்றூர்களில் கைப்பேசி அலைவரிசை இன்னும் சீராக இல்லை. அங்கு இம்முறையை அப்படியே புகுத்தினால் பயனில்லை. வழங்குவதும் பெறுவதும் அதே கோபுரத்தின் வழியேதான் நடக்கும். கருவிகள் அருகிலிருந்தபடியே வைஃபை மூலம் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும். 300 மெகாபைட் பாடக் காணொளியை 40 மாணவர்கள் தனித்தனியே இறக்கினால் கோபுரம் 12,000 மெகாபைட் சுமக்கிறது. ஒருமுறை மலையேறிய பிரதியை வகுப்பறைக்குள் பகிர்ந்துகொண்டால் 300 போதும். அரசு வழங்கும் மடிக்கணினிகளில் இதற்கான மென்பொருளை நிறுவித் தருவது பெருஞ்செலவன்று.

எனினும் சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு முடிவு ஆகியவை அவரவர்க்கே உரியவை, பகிர இயலாதவை. வெள்ளிமலை மாணவர் அவற்றுக்காக நிற்கும் வரிசையில் எர்லாங்கின் பழைய கணக்கே செல்லும். அங்கே கோபுரங்களைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.