கண்டக்டர் சொன்னதும் போன் சொல்வதும்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு முன்பெல்லாம் சாலை நிலவரம் வாய்வழியாகத்தான் வந்து சேரும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசி, மதுராந்தகம் என்று நாலு பக்கத்துப் பேருந்துகளும் வந்து நிற்கிற ஊர். அதனால் நாலு பக்கத்துச் செய்தியும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அங்கே கூடிவிடும். வழியில் எதிரெதிரே வரும் இரண்டு பேருந்துகள் வேகம் குறைத்து உரசினாற்போல் நிற்கும். "பாலாத்துல தண்ணி வந்துட்டுது, அவளூர் பக்கம் வண்டி போவாது, சுத்திக்கினு போ" என்பார் ஒரு டிரைவர். கண்டக்டர் அதைப் பேருந்துக்குள் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். லாரிக்காரர்களுக்கு அந்தப் பேச்சும் வேண்டாம். எதிர்வண்டி ஹெட்லைட்டை இரண்டு தரம் அடித்தால் முன்னால் செக்கிங்கோ விபத்தோ இருக்கிறது என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பார்கள்.

இதில் குறை இல்லாமல் இல்லை. செய்தி பேருந்தின் வேகத்தில்தான் வரும். கடைசிப் பேருந்து போன பிறகு, பிரசவ வலி எடுத்த பெண்ணை வாடகைக் காரில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு யார் வந்து சொல்வது? ஜி.எஸ்.டி. சாலையில், அதாவது சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், ஏறிய பிறகுதான் அங்கே வண்டிகள் அசையாமல் நிற்பதே தெரியும்.

இன்று உள்ளூர் கார் டிரைவர் கிளம்பும்போதே மேப்பைத் திறந்துவிடுகிறார். "படாளம் தாண்டி ரெட்டா காட்டுது" என்று வீட்டு வாசலிலேயே முடிவு எடுக்கிறார். அந்தச் சிவப்புக் கோட்டை யாரும் உட்கார்ந்து வரையவில்லை. அது கேமராவிலிருந்து வருவதும் இல்லை. நெரிசலில் சிக்கியிருப்பவர்களின் சட்டைப்பைகள்தான் அதை வரைகின்றன.

நடப்பது இதுதான். போன் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைப் பிடித்துத் தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. இருப்பிடத்தைப் பகிர அனுமதித்திருந்தால், அந்த இடமும் நகரும் வேகமும் அவ்வப்போது வரைபட நிறுவனத்துக்குப் போகின்றன. அங்கே மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்திலிருக்கும் சாலையில் பொருத்துகிறது. ஒரே சாலைத் துண்டில் பல போன்கள் வழக்கத்தைவிட மெதுவாக ஊர்ந்தால் கோடு ஆரஞ்சாகும், பிறகு சிவக்கும். கூகுள் 2007-ல் அமெரிக்க நகரங்களில் போக்குவரத்து நிலவரத்தைக் காட்டத் தொடங்கியது. 2009-ல் மக்களின் போன்களிலிருந்து வரும் வேகத்தையும் அதில் சேர்த்தது. பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் அழித்துவிடுகிறோம், அது யார் வீட்டிலிருந்து கிளம்பிய வண்டி என்று தெரியாது என்று அப்போதே உறுதி சொன்னது. சொன்னவர்களும் அவர்கள், சரிபார்க்கிறவர்களும் அவர்களே என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கு இந்த வசதி 2012 ஜூலையில் வந்தது. ஆறு நகரங்கள், அதில் சென்னையும் ஒன்று. உத்திரமேரூருக்கு அன்று அதனால் ஒரு பயனும் இல்லை. நிறம் காட்டுவதற்குக்கூட ஊரில் போதுமான ஸ்மார்ட்போன் கிடையாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, டேட்டா கிட்டத்தட்ட இலவசமான பிறகுதான் ஏர் ஓட்டுகிறவர் கையிலும் பால்காரர் கையிலும் போன் ஏறியது. அதன் பிறகே நம் பக்கத்துச் சாலைகளில் நிறம் படிந்தது.

இந்தப் போன்களில் பெரும்பாலானவை இரு சக்கர வண்டியில் போகிறவை. இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. லாரி வரிசையின் ஓரமாகப் புகுந்து போகும் பைக்கின் வேகத்தைக் காரின் வேகம் என்று நம்பினால், அடைத்துக்கொண்ட சாலையும் பச்சையாகத் தெரியும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும் டவுன் பஸ்ஸுக்குள் நாற்பது போன் இருந்தால் காலியான சாலை நெரிசலாகத் தெரியலாம். பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களை ஒரு தள்ளுவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்த காணொளி 2020 பிப்ரவரியில் வெளியானது. வண்டியே இல்லாத தெரு மேப்பில் சிவந்தது. அதற்குப் பதில் சொன்ன கூகுள், இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் காரையும் பைக்கையும் பிரித்தறியக் கற்றுவிட்டோம், தள்ளுவண்டி மட்டும் இன்னும் பிடிபடவில்லை என்று கேலியாகச் சொன்னது. நம் ஊர்ப் பக்கம் வந்து பார்த்திருந்தால் டிராக்டர், நெல் அறுக்கும் இயந்திரம், ஜல்லி ஏற்றி ஊர்ந்து போகும் டிப்பர் என்று பட்டியல் நீண்டிருக்கும்.

ஆனால் நம் கிராமத்துச் சிக்கல் பெர்லினுக்கு நேர் எதிரானது. அங்கே போன்கள் அதிகமானதால் பொய் நெரிசல். இங்கே போன்களே இல்லாததால் பொய் அமைதி. சாலவாக்கத்துக்கு உள்ளே போகும் ஒரு கிளைச் சாலையில் இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு வண்டி போனால் அதிகம். அங்கே நேரடித் தகவல் கிடைக்காதபோது மென்பொருள் பழைய பழக்கத்தை வைத்து நேரம் சொல்கிறது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் சாலையில் ஓடினாலும், யாராவது புகார் தட்டிவிடாதவரை மேப்புக்கு அது நேற்றைய சாலைதான். வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறபடி, ஏரி வாரியம் என்று தனியாகக் குழு வைத்திருந்த ஊர் உத்திரமேரூர். ஏரியின் தண்ணீர் எங்கே வரும், எந்தச் சாலையை எப்போது மூழ்கடிக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த சங்கதி. 2021 நவம்பரில் பாலாறு பெருகி வாலாஜாபாத் – அவளூர் தரைப்பாலம் மூழ்கிச் சேதமடைந்தது. அந்த மாதிரி நாட்களில் நம்பத்தக்க தகவல் கரையில் நிற்கும் ஆளிடம்தான் இருந்தது.

இன்னொரு மாற்றம் தீபாவளி, பொங்கல் நாட்களில் தெரியும். ஜி.எஸ்.டி. சாலையின் பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் தேங்கும்போது, மேப் மாற்று வழி தேடுகிறது. வாலாஜாபாத், உத்திரமேரூர், வந்தவாசி வழியாகத் திண்டிவனம் போய்விடலாம் என்று அது கணக்கிட்டால், இந்த ஊரின் பெயரையே கேள்விப்படாதவர்கள் இரவு ஒரு மணிக்கு இந்த வழியே வருகிறார்கள். முன்பு உள்ளூர்க்காரர்களும் சில லாரி டிரைவர்களும் மட்டும் அறிந்திருந்த குறுக்கு வழி இப்போது எல்லோருடைய வழி. வாசலில் நெல் காயவைத்தவருக்கும் மாடு கட்டியவருக்கும் இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வேகத்தடை இல்லாத தெருவில் பிள்ளைகள் விளையாடும் நேரம் எது என்பதும் மென்பொருளுக்குத் தெரியாது. நெடுஞ்சாலையின் நெரிசலைக் கிராமத்துத் தெருவுக்கு மாற்றிவிடுவதை நெரிசல் தீர்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்காகப் பழைய காலமே மேல் என்று சொல்வதும் பொய். செங்கல்பட்டுக்கு விரையும் அந்தக் காருக்கு இன்றைய சிவப்புக் கோடு உயிர்காப்பு. இனி வேண்டியது ஒன்றுதான். மழைக்காலத்தில் தரைப்பாலத்தின் இரு பக்கமும் தடுப்பு வைத்து அடைக்கிற வருவாய்த் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் அந்தத் தகவலை அதே மணி நேரத்தில் வரைபட நிறுவனங்களுக்கும் அனுப்ப வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதை இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வழக்கமாக்கட்டும்.