பதிப்பெண்ணும் சரிபார்ப்புத்தொகையும்: மறுவெளியீடு பெறும் மென்பொருள்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு நூல் மீள அச்சேறும்பொழுது, அது முன்னையதன் மறு அச்சா, திருத்திய பதிப்பா எனக் குறித்தல் பதிப்புலக மரபாகும். உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887 இலும், அதன் இரண்டாம் பதிப்பு 1907 இலும் வெளிவந்தன. இவற்றுள் எதனைத் தாம் பயன்படுத்தினார் என்பதைக் குறிப்பிடாத ஆய்வாளரின் மேற்கோளைப் பிறர் ஒப்புநோக்குதல் அரிது. இணையவழி வழங்கப்படும் மென்பொருள்களுக்கும் இவ்விடர்ப்பாடு உண்டு.

மென்பொருளின் பதிப்பெண் பெரும்பாலும் மூன்று கூறுகளை உடையது. 2.4.1 என்பதில் முதலெண் பழையதோடு ஒவ்வாத பெருமாற்றத்தையும், இரண்டாமெண் புதிய வசதிகளையும், மூன்றாமெண் வழுத்திருத்தத்தையும் சுட்டும். வெளியீட்டாளர் சிறு வழுவொன்றைத் திருத்திவிட்டுப் பழைய எண்ணுடனேயே கோப்பினை மீள வெளியிடுவாராயின், வேறுபட்ட இரு பொருள்கள் ஒரே பெயரால் வழங்கத் தொடங்கும். பண்டாரவளையில் ஓராசிரியர் பதிவிறக்கிய கோப்பு, பென் டிரைவ் வழியாகத் தோட்டப் பாடசாலைகள் பலவற்றிற்குச் சென்றதெனக் கொள்வோம். ஓரிடத்திற் செவ்வனே இயங்கும் மென்பொருள் பிறிதோரிடத்தில் இயங்காதவிடத்து, குறை கணினியிலா கோப்பிலா என்பதை அப்பெயரைக்கொண்டு துணிய இயலாது.

ஈண்டுத் துணைபுரிவது சரிபார்ப்புத்தொகை. பண்டாரவளையின் தபாற் குறியீடு 90100. இதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 10. எழுதுவோர் தவறுதலாக 90010 என எழுதினும் தொகை 10 ஆகவே நிற்கும், பிழை புலப்படாது. ஒவ்வோரிலக்கத்தையும் அதன் இடவெண்ணாற் பெருக்கிக் கூட்டின், முன்னது 12, பின்னது 13 ஆகும், பிழை வெளிப்படும். நூல்களின் பன்னாட்டுத் தரவெண்ணிலுள்ள இறுதியிலக்கமும் இத்தகையதொரு பெருக்கற் கணிப்பினாலேயே பெறப்படுகின்றது.

கோப்புகளுக்கு இதனினும் நுட்பமான முறைகள் கையாளப்படுகின்றன. எஸ்.எச்.ஏ-256 என்னும் முறை, எத்துணைப் பெரிய கோப்பையும் 64 குறிகளாற் சுருக்கிக் காட்டும். கோப்பில் ஓரெழுத்து மாறினும் அச்சுருக்கக்குறி முற்றிலும் வேறாகும். முன்னர்ப் பெருவழக்கிலிருந்த எம்.டி.5 முறையில், வேறுபட்ட இரு கோப்புகள் ஒரே குறியைப் பெறச் செய்யலாம் என்பது 2004 இல் மெய்ப்பிக்கப்பட்டது. எனவே, வஞ்சகத்தைக் கண்டறிவதற்கு அது போதியதன்று.

இச்சோதனையின் இன்றியமையாமையை 2016 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி உணர்த்தும். லினக்ஸ் மின்ட் 17.3 இன் இணையத்தளத்திற் புகுந்தோர், பதிவிறக்க இணைப்பைத் தீங்கு பொதிந்த போலிக் கோப்பொன்றிற்குத் திருப்பிவிட்டனர். பெயரும் பதிப்பெண்ணும் மாறவில்லை. உண்மைக் கோப்புகளின் சுருக்கக்குறிகளோடு ஒப்பிட்டே பயனர் தம் பிரதியின் தன்மையை அறிய முடிந்தது. ஆயினும், தளத்திற் புகுந்தவர் அங்குள்ள குறியையும் மாற்றக்கூடும். ஆதலால், வெளியீட்டாளரின் மின்னொப்பத்தையும் சரிபார்த்தல் நன்று.

சுருங்கக்கூறின், பதிப்பெண் வெளியீட்டாளர் இட்ட பெயர். சுருக்கக்குறி பொருளின் அடையாளம். மாற்றம் எத்துணைச் சிறிதாயினும் புதிய எண் இடுதல் வெளியீட்டாளர் கடன். ஒப்புநோக்கிய பின்னரே பிறர்க்கு வழங்குதல் பெறுவோர் கடன். இக்கணிப்பிற்கான கட்டளைகள் விண்டோஸ், லினக்ஸ் ஆகியவற்றிலேயே அமைந்துள்ளன. சுருக்கக்குறியை ஒருமுறை குறித்துக்கொண்டால், இணைய வசதியற்ற தோட்டப் பாடசாலையிலும் இச்சோதனையை நிகழ்த்தலாம். ஏடு பெயர்த்தெழுதியோரின் பிழைகளைக் களையப் பதிப்பாசிரியர் பல்லாண்டு உழைத்த மொழிக்குரிய நமக்கு, பிரதியை ஒப்புநோக்கும் இவ்வொழுக்கம் புதியதன்று.