தம்போலா குழுவில் பணம் கட்டும் முன்

அடுக்குமாடிச் சங்க விழாவிலும் உறவுக்காரர்கள் கூடும் வீட்டிலும் தம்போலா ஆடுவது புதிதல்ல. சிலர் ஹவுசி என்பார்கள். இன்று அது வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. ஜிபேயில் பணம் போட்டால் டிக்கெட் படமாக வரும். இரவில் அட்மின் ஒவ்வோர் எண்ணாகப் போடுவார். ஏர்லி ஃபைவ், டாப் லைன், ஃபுல் ஹவுஸ் என்று பரிசுகள்.

1530-இல் இத்தாலியில் தொடங்கிய லாட்டரிதான் இதன் மூதாதை. அமெரிக்காவில் 1929 வாக்கில் எட்வின் லோ என்ற பொம்மை வியாபாரி பிரபலமாக்கிய பிங்கோவில் 75 எண்கள். பிரிட்டிஷாரும் நாமும் ஆடும் வகையில் 90. நம் டிக்கெட்டில் 3 வரிசை, வரிசைக்கு 5 எண், மொத்தம் 15. ஆட்டக்காரர் செய்யக்கூடியது கவனமாகக் கேட்டு அடிப்பது மட்டும்தான். ரம்மியில் எந்தச் சீட்டைக் கழிப்பது என்று யோசிக்கவாவது இடமுண்டு. இங்கே அதுவும் இல்லை, முழுக்க அதிர்ஷ்டம்.

ஒரு கணக்கு. 50 ரூபாய் டிக்கெட் 100 விற்றால் வசூல் 5,000. பரிசு 3,500 என்றால், ஒவ்வொருவரும் கட்டிய 50-இல் சராசரியாகத் திரும்புவது 35 ரூபாய். தினமும் ஆடுகிறவர் தினமும் இந்தச் சரிவில்தான் நிற்கிறார். அதுவும் நடத்துபவர் நேர்மையானவராக இருந்தால்!

இல்லாவிட்டால்? எண்ணை எடுப்பவரும் அவரே, டிக்கெட் கொடுப்பவரும் அவரே. பானையிலிருந்து வில்லை எடுப்பதை நாலு பேர் பார்க்கும் வசதி கைபேசியில் கிடையாது. ஆனாலும் கணிதம் ஓரளவு காட்டிக்கொடுக்கும். 100 டிக்கெட் ஆட்டத்தில், பத்துக்கு ஒன்பது முறை 60 எண்கள் தாண்டிய பிறகே ஃபுல் ஹவுஸ் விழும். 45 எண்களுக்குள் விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. அடிக்கடி 45-க்குள், அதுவும் யாருக்கும் தெரியாத ஒரு கைபேசி எண்ணுக்குப் பரிசு போனால், அந்தக் குழுவைவிட்டு வெளியேறுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் முக்கியமாகக் குறிவைப்பது, நடத்துபவர் லாபம் பார்க்கும் சூதாட்ட விடுதியை. யாரும் கமிஷன் எடுக்காத வீட்டு விளையாட்டை அல்ல. இணையத்தில் நிலைமை வேறு. 2023-இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை; பணம் வைத்து ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் திறமை விளையாட்டு என்று விலக்கியது. அதிர்ஷ்ட விளையாட்டுகள் மீதான தடை அப்படியே நின்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்க்கவில்லை. அது ஆடுபவரைத் தண்டிப்பதில்லை; நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவர் மீதே பாய்கிறது.

இன்னொன்றையும் அறிந்து வையுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி பந்தயப் பணத்தை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. பரிசு தராத அட்மினை நீங்கள் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்பது கசப்பு. கடனுக்கு டிக்கெட் வாங்கித் தோற்றவரை அட்மினும் இழுக்க முடியாது என்பது ஆறுதல். அவர் மிரட்டினால் அது தனிக் குற்றம்.

பணத்தைச் சுருட்டிக்கொண்டு குழுவைக் கலைத்துவிட்டார்களா? தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். (சட்டத்தின் ஆண்டும் சைபர் குற்ற உதவி எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.) வங்கிக்கும் சொல்லுங்கள். சாட், டிக்கெட் படம், யுபிஐ பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காதீர்கள். நாமும் மாட்டிக்கொள்வோமோ என்று தயங்கினால், முதலில் 15100-இல் இலவசச் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு அதற்கு வருமான வரம்பு கிடையாது. வீட்டில் யாராவது விட முடியாமல் தவித்தால் 14416 மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.